மேரி ராணியின் மேஜையில் டேலியா

ஹாலிஃபாக்ஸ்
17 செப்டம்பர் 1972

அன்பு மகள் பெரிலுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால்தான் மழை வருவதை வானொலிக்கு முன்னாடியே சொல்லிக்கொண்டிருக்கிறது. லண்டனில் உனக்கு இருமல் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நானூறு வருஷத்துக்கு முந்தின மேரி ராணியைப் பற்றிய டிவி தொடரில், செட்டில் சாமான்களை எடுத்து வைக்கிற பிரிவில் உனக்கு வேலை கிடைத்ததை அம்மா இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். முதல் தடவை எனக்காக. இரண்டாவது தடவை, சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்காக.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போதைய ராணியின் முடிசூட்டு விழாவைப் பார்க்க டிவி வாங்கினபோது உனக்கு எட்டு வயசு. அன்றையிலிருந்து எந்த ராஜா ராணி நாடகம் வந்தாலும் நாம் ஆளுக்கொரு பென்சிலோடு உட்காருவோமே! தப்பை முதலில் பிடிக்கிறவருக்கு அரிசிப் பாயசத்தின் மேலே தீய்ந்திருக்கும் ஆடை. முதலாம் எலிசபெத் ராணியின் கவுன் முதுகில் ஜிப் இருந்ததை நீ பிடித்தாய். தலையை வெட்டக் கூட்டிப்போகிற பிரபுவின் மணிக்கட்டில் வாட்ச் கட்டின தடம் இருந்ததை நான் பிடித்தேன்.

நான் பதினாலு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்த சரித்திரமெல்லாம் சனிக்கிழமைகளில் நூலகத்தில் பொறுக்கியது. அதில் பாதி தப்பாக இருக்கலாம். எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அங்கே இருக்கிறவர்களிடம் சொல். அந்தக் காலத்துக் கட்டில்களுக்கு மேலே துணிக் கூரை போட்டது, வைக்கோல் கூரையிலிருந்து பூச்சி மேலே விழாமல் இருக்கத்தான். இதை எடுத்துவிடு, அசந்துபோவார்கள்.

சரித்திரம் பார்த்துக்கொள்ள ஆள் யாராவது வைத்திருக்கிறார்களா, இல்லை நான் ரயில் ஏறி வரட்டுமா?

உன் நலமே கோரும்,
அப்பா

*

லண்டன்
1 அக்டோபர் 1972

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் போயிடுச்சு. அம்மா முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுங்க. டாக்டர் லோவல் வீட்டம்மாவுக்கு அதுலதான் குணமாச்சாம்.

டாக்டர் லோவல்தான் எங்க சரித்திர ஆலோசகர். பல்கலைக்கழகத்துல முப்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். உங்களைவிட ஒரு வயசு பெரியவர். அவரை மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்லப்பா! ஒரு மெழுகுவர்த்தியைக் கையில கொடுத்தா, இது தேன்மெழுகு, இது ராணி அறைக்கு. இது மாட்டுக் கொழுப்பு, இது வேலைக்காரங்களுக்குன்னு முகர்ந்து பார்த்தே சொல்லிடுவார். டாக்டர் லோவல் எனக்கு அவரோட புத்தகங்களையே படிக்கக் கொடுத்திருக்கார்.

உங்க கட்டில் கதையை எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். டாக்டர் லோவல் சிரிச்சுட்டார். அது சும்மா கட்டுக்கதையாம். அரண்மனைக்கு ஏது வைக்கோல் கூரைன்னு கேட்டார். எனக்கு முகமே சிவந்துபோச்சு. பரவாயில்ல, இனிமே அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.

தோட்டத்துல உங்க டேலியாப் பூ எப்படி வந்திருக்கு?

அன்புடன்,
பெரில்

*

ஹாலிஃபாக்ஸ்
8 அக்டோபர் 1972

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உப்பு ஒத்தடம் கொடுத்தாயிற்று. வலி குறைந்துவிட்டது என்று அம்மா சொல்கிறாள். எனக்கென்னவோ குறைந்த மாதிரி தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன், "ஏன் ஐடா, இதுல டாக்டர் லோவல் எத்தனை தடவை வந்திருக்கார்?"

"எனக்கென்ன வேற வேலை இல்லையா?"

"நாலு தடவை. அப்பான்னு எத்தனை தடவை?"

"யோவ், அதான் கடிதத்து மேலயே 'அன்புள்ள அப்பா'ன்னு எழுதியிருக்காளே, இன்னும் என்ன, கல்வெட்டுல செதுக்கணுமா?"

கட்டில் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அரண்மனைக்கு வைக்கோல் கூரை கிடையாது என்பது நியாயமான பேச்சு. அந்தக் கதையைப் படித்த புத்தகத்தை நூலகத்தில் போய்த் தேடினேன், இப்போது காணவில்லை. படித்தவர்கள் யாராவது எடுத்து ஒளித்து வைத்திருப்பார்கள். ஒன்று மட்டும் கேட்டுச் சொல். இவர் டாக்டர் என்கிறாயே, உனக்கு இருமல் வந்தபோது தொண்டையைப் பார்த்தாரா? இல்லை, முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாரா?

டேலியா இந்த வருஷம் அமோகம். டேலியா சங்கத்துக் கண்காட்சியில், எப்போதும் என்னோடு போட்டி போடுகிற சிட்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேன். அவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, நிம்மதியாக இருக்கிறது. உறைபனி விழுவதற்குள் ஒரு பெட்டி வெட்டி ரயிலில் அனுப்புகிறேன். உன் அறையில் வை. அங்கே வாசம் பிடிக்கிறவருக்குச் சொல்லிவிடு, டேலியாவுக்கு வாசம் கிடையாது.

என்றும் உன் அப்பா

*

லண்டன்
3 டிசம்பர் 1972

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகம்தானே? பூப்பெட்டி அக்டோபர் கடைசியிலேயே வாடாம வந்து சேர்ந்துச்சு. உடனே எழுதாதது என் தப்பு. காலையில ஏழு மணிக்குப் போனா எப்போ திரும்புவேன்னு எனக்கே தெரியறதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாதுப்பா. மறுநாளே படப்பிடிப்பு இருக்கு. தனியா இருக்க வேண்டாம்னு டாக்டர் லோவலும் அவங்க வீட்டம்மாவும் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. அம்மாகிட்ட நீங்களே பதமாச் சொல்லிடுங்க.

பிப்ரவரி நாலாம் தேதி ஞாயித்துக்கிழமை தொடர் ஆரம்பிக்குது. மூணாவது வாரம் மட்டும் எங்கேயும் போயிடாதீங்க. பென்சிலை எடுத்து வெச்சுக்குங்க. பார்த்துட்டு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
பெரில்

*

ஹாலிஃபாக்ஸ்
27 டிசம்பர் 1972

அன்பு மகளுக்கு,

அப்பா, அம்மா இருவரும் சுகம். பண்டிகை நல்லபடியாகப் போயிற்று. நீ அனுப்பிய மஃப்ளர் கழுத்துக்கு இதமாக இருக்கிறது.

மேஜையில் உனக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிட்டு, அம்மா அதைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தாள். நான் பார்க்காத மாதிரி வாத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பஸ் மோதின மாதிரி இருந்தது. டாக்டர் லோவல் எப்படி வெட்டினார்? ஹென்றி ராஜா காலத்து முறைப்படியா? பண்டிகைச் சாப்பாட்டில் எல்லாரும் வைத்துக்கொள்கிற காகிதக் கிரீடத்தை அவரும் வைத்துக்கொண்டாரா? அவர் தலைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். எனக்கு எப்போதும் காதில்தான் வந்து நிற்கிறது.

"இப்படியெல்லாம் எழுதாதே, புள்ள சங்கடப்படும்," என்கிறாள் அம்மா. நான் வேடிக்கைக்குத்தான் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். டாக்டர் வீட்டு அம்மாள் பாயசம் செய்தாளா? உன் அம்மா செய்கிறதைவிட நன்றாக இருந்தது என்றால் எழுத வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

வார இதழின் ஆசிரியர் அவர்களுக்கு
ஹாலிஃபாக்ஸ், 18 பிப்ரவரி 1973

ஐயா,

வணக்கம். இன்று ஒளிபரப்பான மேரி ராணி தொடரைப் பார்த்துவிட்டுச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

ஸ்பெயின்காரப் புருஷன் கடல் கடந்து போய்விட்டான். அவனிடமிருந்து கடிதம் வருமா என்று ராணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மனசை உருக்கும் காட்சிதான். ஆனால் அவள் முழங்கைக்குப் பக்கத்தில், வெள்ளிக் குவளையில் இருப்பது என்ன? டேலியா! அமெரிக்கக் கண்டத்து மெக்சிகோவில் பிறந்த செடி. மேரி ராணி செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் இந்த நாட்டு மண்ணில் அதன் கிழங்கு ஊன்றப்பட்டது.

என் டிவி கறுப்பு வெள்ளை. அதனால் என்ன? இருபத்திரண்டு வருஷமாக டேலியா வளர்க்கிறவன் நான். இருட்டில் தடவிப் பார்த்தால்கூட அடையாளம் சொல்வேன்.

தொடரின் முடிவில் சரித்திர ஆலோசகர் என்று ஒரு டாக்டரின் பெயரைப் பெரிதாகப் போடுகிறார்கள். மெழுகுவர்த்தியை முகர்ந்து பார்த்தே சரித்திரம் சொல்கிற அந்த மேதைக்கு, மூக்குக்கு நேரே இருந்த பூ தெரியவில்லையா? பதினாலு வயசில் பள்ளியை விட்ட ஒரு பஸ் டிரைவருக்குத் தெரிந்தது எப்படி? அடுத்த தொடருக்கு ஆலோசகர் தேவைப்பட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓய்வாகத்தான் இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வில்ஃப்ரெட் சக்டன்
ஹாலிஃபாக்ஸ் டேலியா சங்கம்

*

ஹாலிஃபாக்ஸ்
4 மார்ச் 1973

அன்பு மகளுக்கு,

நலம், நலமே விழைகிறேன்! இரண்டு வாரமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. இத்துடன் இருக்கும் கத்தரித்த தாளைப் பார். என் கடிதம் பெரிய எழுத்தில், கட்டம் கட்டி! "இருநூறு வருஷம் முந்திப் பூத்த பூ" என்று தலைப்பு வேறு. லண்டனில் ஒரு நாளிதழ் அதை எடுத்துப் போட்டு, டாக்டரைப் பூக்கூடையோடு கேலிச்சித்திரமும் வரைந்திருக்கிறது. எங்கள் பஸ் பணிமனையில் அதை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

சங்கத்தில் கைதட்டினார்கள். ஆகஸ்ட் கண்காட்சிக்கு என்னைத் தலைமை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். சிட்கூட எழுந்து நின்று, "எங்க ஆளு டாக்டரையே டாக்டர்கிட்ட அனுப்பிட்டான்" என்றான்.

மூன்றாவது வாரம் பென்சிலை எடுத்து வை என்று நீ சொன்னாயே, உனக்கும் அந்த மனுஷனைப் பற்றிச் சந்தேகம் இருந்திருக்கிறது, வெளியே சொல்ல முடியவில்லை. சரிதானே? இப்போது அவர் முகம் எப்படி இருக்கிறது? விவரமாக எழுது.

அம்மா மட்டும் ஏனோ கத்தரித்த தாளைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "முதல்ல அவளுக்கு எழுதியிருக்கலாம்" என்கிறாள். பெண்களுக்குப் பத்திரிகை விவகாரம் புரிவதில்லை.

வெற்றிக் களிப்பில்,
அப்பா

*

லண்டன்
8 மார்ச் 1973

அப்பாவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?

அந்தப் பூவை வெச்சது நான். நீங்க ரயில்ல அனுப்பின பெட்டியிலேர்ந்து எடுத்தது. உங்க பூவே உங்களுக்குத் தெரியல.

தெரியாம வெக்கல. தெரிஞ்சேதான் வெச்சேன். ஒரு தப்பு, உங்களுக்காக மட்டும். நாட்டுல வேற யாருக்கும் கண்ணுல படாது, எங்கப்பாவுக்குப் படும், பார்த்ததும் எனக்கு எழுதுவார்னு நெனச்சேன். பதினெட்டாம் தேதியிலேர்ந்து தினம் தபால்காரர் வர்ற நேரத்துக்கு மாடியிலேர்ந்து இறங்கி வந்து நின்னேன்.

படப்பிடிப்பு அன்னிக்கு டாக்டர் லோவல் அதைப் பார்த்துட்டார். "இந்தப் பூ இங்க வர இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல ஆகுமேம்மா"ன்னார். "எங்கப்பா வளர்த்தது"ன்னேன். ஏன் வெச்சேன்னும் சொன்னேன். "அப்போ என் கண்ணுக்கு அது ரோஜாவாத் தெரியுது"ன்னுட்டுப் போயிட்டார்.

தயாரிப்பாளர் கூப்பிட்டுக் கேட்டப்பவும் அதையேதான் சொல்லியிருக்கார். ரோஜான்னு நெனச்சுட்டேன், என் கவனக்குறைவுன்னு. என் பேரை எடுக்கவே இல்லை. அடுத்த தொடர்லேர்ந்து அவரை எடுத்துடப் போறாங்க. இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை கூட்டம். அன்னிக்கு நான் எழுந்து உண்மையைச் சொல்லப் போறேன். என் வேலை போயிடும். அதுதான் நியாயம்.

இப்போதைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

பெரில்

*

வார இதழின் ஆசிரியர் அவர்களுக்கு
ஹாலிஃபாக்ஸ், 10 மார்ச் 1973

ஐயா,

வணக்கம். மேரி ராணியின் மேஜையில் டேலியா இருந்தது என்று நீங்கள் கட்டம் கட்டிப் போட்ட கடிதத்தை எழுதின அதே வில்ஃப்ரெட் சக்டன்தான் எழுதுகிறேன். இதையும் தயவுசெய்து அதே அளவு கட்டத்தில் போட வேண்டும். வருகிற இருபத்தாறாம் தேதிக்குள் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். அது டேலியா இல்லை. ரோஜா.

என் டிவி இருபது வருஷப் பழசு. மழை பெய்தால் ராணிக்கு இரண்டு தலை தெரியும். அன்று மழை. நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. இதழ் அடுக்கடுக்காக இருந்ததைப் பார்த்து, எதைப் பார்த்தாலும் டேலியாவாகவே தெரிகிற என் புத்தி அவசரப்பட்டுவிட்டது. இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அந்தக் காலத்து அடுக்கு ரோஜாவேதான். மேரி ராணியின் மேஜையில் இருக்க அதற்கு எல்லா உரிமையும் உண்டு.

இருட்டில் தடவியே டேலியாவை அடையாளம் சொல்வேன் என்று எழுதியிருந்தேன். வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தே சொல்லத் தெரியாதவன் என்று திருத்திப் படிக்கவும்.

செட்டில் பூ வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். பார்த்துச் சரி என்று சொன்ன சரித்திர ஆலோசகரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரிய மனிதரைக் கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் மேல் எனக்கு என்ன கோபம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கோபமும் இல்லை. பொறாமை. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். ஐம்பத்தேழு வயசில் இது அசிங்கம்தான்.

தங்கள் உண்மையுள்ள,
வில்ஃப்ரெட் சக்டன்

(சங்கத்தின் பெயரைப் போட வேண்டாம். அவர்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை.)

*

லண்டன்
27 மார்ச் 1973

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமா இருக்கீங்களா? சாப்பாடு சரியா இறங்குதா?

கூட்டம் நேத்து நடந்துச்சு. நான் எழுந்திருக்கறதுக்குள்ள தயாரிப்பாளர் வார இதழை எடுத்து மேஜை மேல போட்டார். "அந்த டிரைவரே ரோஜாங்கறான், இதுக்கு மேல எவனுக்கு என்ன?"ன்னார். அதோட சரி, அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க. டாக்டர் லோவல் அடுத்த தொடர்லயும் இருக்கார். நானும் இருக்கேன்.

வெளியே வந்ததும் நான் பேச வாயெடுத்தேன். அவர், "அதான் ரோஜான்னு ஆயிடுச்சே"ன்னுட்டார். அப்புறம் கொஞ்ச தூரம் நடந்துட்டு, "உங்கப்பா சங்கத்துல இனிமே எப்படிம்மா தலைகாட்டுவார்?"ன்னு கேட்டார்.

எனக்கும் தெரியணும். எழுதுங்கப்பா.

அன்புடன்,
பெரில்

*

ஹாலிஃபாக்ஸ்
1 ஏப்ரல் 1973

அன்பு மகள் பெரிலுக்கு,

எழுதுங்கப்பா என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையிலேயே அப்பா சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி முழுக்கப் போய்விட்டது. உப்பு ஒத்தடத்தால்தான். ஒப்புக்கொள்கிறேன்.

சங்கத்தில் எப்படித் தலைகாட்டினேன் என்று கேட்டால், காட்டின தலையை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை கூட்டம். நான் நுழையும்போது அந்த வார இதழ் கை மாறிக்கொண்டிருந்தது. சிட் கதவருகிலேயே பிடித்துக்கொண்டான்.

"என்னடா வில்ஃப், ரோஜாவுக்கும் டேலியாவுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"தெரியலையே சிட்."

"கண்ணாடி போடலைன்னு எழுதியிருக்கே. நீ எப்போடா கண்ணாடி போட்டே? உங்கிட்ட கண்ணாடியே கிடையாதே!"

"அதான் போடலை."

"நானும் பார்த்தேன்டா. எங்க வீட்டுல கலர் டிவி. சிவப்பு டேலியா, கிண்ணம் மாதிரி. நீ வளர்க்கிற வகையேதான்."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, பெரில். ஆமாம்டா, என்னுடையதுதான், என் பெண் எனக்காக நாடு முழுக்கப் பார்க்கிற மாதிரி ராணியின் மேஜையில் வைத்தாள், உன் பிள்ளைகளில் எவனாவது உனக்கு அப்படிச் செய்வானா என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். சிட்டின் முகம் எப்படி ஆகும் என்றுகூட மனசுக்குள் பார்த்துவிட்டேன். ஆனால் சிட்டிடம் சொன்னால் அது லண்டன் போய்ச் சேர ஒரு தபால்தலைகூட வேண்டாம்.

"ரோஜாடா," என்றேன்.

தலைமை நடுவர் பதவியைச் சிட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் நான் வாசலில் நின்று நுழைவுச் சீட்டு கிழிக்க வேண்டும். பணிமனையில் என் இருக்கையில் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு பூவை வைத்து, "இது என்ன பூ வில்ஃப்?" என்று துண்டுச் சீட்டு எழுதி வைக்கிறார்கள். நேற்று ஒரு காலிஃபிளவர் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அம்மா சமைத்துவிட்டாள்.

இதெல்லாம் என்னைச் சுடவில்லை. வேறு ஒன்றுதான் சுடுகிறது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். அந்தப் பூவைப் பார்த்ததும் உனக்கு எழுதத்தான் முதலில் தாளை எடுத்தேன். 'அன்பு மகளுக்கு' என்றுகூட எழுதிவிட்டேன். அப்புறம் தொடர் முடிந்து அவர் பெயர் திரையில் வந்தது. அந்தத் தாளைக் கசக்கிவிட்டு வேறு தாள் எடுத்தேன். நீ மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் லோவலுக்கு என் வணக்கத்தைச் சொல். அவரும் வீட்டம்மாவும் எப்போது வேண்டுமானாலும் இங்கே வரலாம், அம்மா சொல்லச் சொன்னாள். நானும்தான் சொல்கிறேன். கை குலுக்குவேன். நல்ல மனுஷன், சந்தேகமே இல்லை. ஆனால் அவரை எனக்குப் பிடித்துவிட்டது என்று நீ நினைத்துவிடாதே. கட்டில் விஷயத்தில் அவர் சொன்னது சரி, விட்டுவிட்டேன். ஒத்தடம் சரி, விட்டுவிட்டேன். முப்பது வருஷம் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், என்னைவிட ஆயிரம் விஷயம் தெரிந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஆனால் உனக்காக, தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று, அதை ரோஜா என்று முதலில் சொன்னவர் அவர். நான் அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். அந்த ஒரு பொய்யையாவது நான் முதலில் சொல்லியிருக்கக் கூடாதா, பெரில்?

உன் அப்பா